யாருமில்லை என்ற பெயரில் ஒரு லாகின்

அன்று காலை பத்து நாற்பதுக்கு ரிப்போர்ட் சரியாகத் திறந்தது. தவறு அந்த நிமிடத்தில்தான் ஆரம்பித்தது.

அதற்கு முன்பு அது திறக்காமல் இருந்தது. திறக்காத ரிப்போர்ட்டால் யாருக்கும் ஆபத்து வந்ததாக எனக்கு நினைவில்லை. போன் வரும், திட்டு வரும், உட்கார்ந்து சரிசெய்வோம். திறந்துகொண்டு, அழகாகக் கட்டம் போட்டு, தலைப்பெல்லாம் சரியாக வைத்துக்கொண்டு, உள்ளே வேறு ஊர் ஆட்களைக் காட்டுகிற ரிப்போர்ட்டுக்குத்தான் இன்றைக்கும் பயப்படுகிறேன்.

இதை எழுதச் சொன்னவள் ஜின்சி. நான் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியின் குன்னூர் தலைமை அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள்தான். அங்கே ரிப்போர்ட் சர்வரை மூடிவிட்டு எல்லாவற்றையும் வெளியில் எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு மாற்றப்போகிறார்களாம்.

"பாஸ்வேர்டை இனிமே யாரும் தொட வேண்டாம், அதுவே பாத்துக்கும்னு சொல்றாங்க மேடம். 'அதுவே பாத்துக்கும்'னு கேட்டதுமே உங்களுக்குத்தான் போன் போட்டேன். புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நீங்க எழுதிக் கொடுங்க. என் பேரும் போட்டுக்கோங்க. பேரு போடறதுல எனக்கு ஒண்ணும் பயமில்ல, அதான் உங்களுக்குத் தெரியுமே!"

கடைசி வாக்கியம் விளையாட்டு. அவள் அதை விளையாட்டாகச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். நான் இன்னும் வரவில்லை. வயது முடிந்து ஓய்வு பெற்றவள் அல்ல நான். அந்த நாளுக்குப் பிறகு சில மாதங்களிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனி பிறந்து மேற்கே மேகம் இறங்கினால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். என் மகள் கயல் இன்னும் தேவாலா டிவிஷனில்தான் நர்ஸாக இருக்கிறாள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்தவள் நான். கணிதப் பட்டம், கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ். கம்பெனியில் முதலில் சம்பளப் பட்டியல் அடித்தேன், பிறகு கொழுந்து எடைக் கணக்கு, பிறகு டேட்டாபேஸ். என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. என்னை இந்த வேலைக்கு ஆளாக்கிய பழனிசாமி சாரைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பிரிவின் தலைவர் அவர். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டியபடி நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். நம் கீபோர்டை ஒருநாளும் தொடமாட்டார். திட்டமாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார், போய்விடுவார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே நமக்கு அன்றைய பொழுது போய்விடும்.

எல்லா ரிப்போர்ட்டுக்கும் பொதுவாக ஒரு டேட்டா சோர்ஸ் அமைக்க வேண்டும் என்று முதலில் என்னிடம்தான் கொடுத்தார். டேட்டா சோர்ஸ் என்பது ஒரு வாசல். தகவல் எந்தச் சர்வரில் இருக்கிறது, அதற்குள் யார் பெயரைச் சொல்லி நுழைவது என்ற இரண்டும் அதில் இருக்கும். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் தனித்தனி வாசல் வைத்தால் சமாளிக்க முடியாது என்பதால் பல ரிப்போர்ட்டுகளுக்கு ஒரே வாசலை வைப்போம். அதனால் அதில் செய்கிற ஒரு தவறு ஒரு ரிப்போர்ட்டோடு நிற்காது.

அந்தப் பக்கத்தில், உள்ளே நுழையும் பெயரை எப்படிக் கொடுப்பது என்று ஒரு கேள்வி வரும். ரிப்போர்ட்டைப் பார்ப்பவரின் சொந்த லாகினிலேயே போகலாம். அல்லது ஒரு பெயரையும் பாஸ்வேர்டையும் சர்வரிலேயே சேமித்து வைத்து, யார் பார்த்தாலும் அந்தப் பெயரிலேயே போகச் சொல்லலாம். தினமும் காலையில் தானாக மெயிலில் போகும் ரிப்போர்ட்டுக்கு இரண்டாவது வழிதான் உண்டு. அந்த நேரத்தில் பார்ப்பவர் என்று யாரும் இருக்கமாட்டார்கள்.

"யாரு பேரைச் சேமிக்கறதுங்க சார்?" என்று கேட்டேன்.

"ஏனுங்க சுமதி, ஆளு பேரைப் போடலாம்னு பாக்கறீங்களா?"

"பின்ன எதைங்க போடறது?"

"ஆளுன்னா லீவு போடுவாருங்க. டிவிஷன் மாறுவாரு. பாஸ்வேர்டை மாத்துவாரு. ஊட்டுக்காரம்மா கூடச் சண்டை போட்டுட்டு ஊருக்கே போயிருவாரு. ரிப்போர்ட்டு லீவு போடக்கூடாதுங்களே. 'கதவைத் தட்டறது யாரு'ன்னு டேட்டாபேஸு கேட்டா, 'யாருமில்லை'ன்னு பதில் வரோணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அதையே பேரா வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் எங்கள் டேட்டாபேஸில் 'யாருமில்லை' என்றே ஒரு லாகின் உருவாயிற்று. அதற்குப் படிக்க மட்டும்தான் உரிமை. எழுத, அழிக்க, திருத்த எதற்கும் இல்லை. எல்லா டிவிஷனையும் பார்க்கும். எந்த டிவிஷனுக்கும் சொந்தமில்லை.

அடுத்து அவர் கற்றுக்கொடுத்தது சோதிக்கும் முறை. பாஸ்வேர்டைச் சேமித்தபின் அது நட்சத்திரங்களாகத்தான் தெரியும். பக்கத்திலேயே 'கனெக்‌ஷன் டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பச்சையாக ஒரு வரி வரும். எல்லோரும் அதோடு எழுந்து டீ குடிக்கப் போவார்கள். பழனிசாமி சார் விடமாட்டார்.

"பச்சையா வந்தா கதவு தெறக்குதுன்னு அர்த்தமுங்க. எந்த ஊட்டுக் கதவுன்னு அது சொல்லாது."

ஆகவே நம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, சரக்கு அனுப்பும் பிரிவுக்கு நடந்து, அங்கே இருக்கும் மணி என்ற கிளார்க்கை எழுப்பிவிட்டு, இருப்பதிலேயே குறைந்த உரிமை உள்ள அவருடைய லாகினில் ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் மட்டும் போதாது. நமக்கு நேரில் தெரிந்த ஆள் ஒருவர் அதில் இருக்கிறாரா, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறாரா என்று தேட வேண்டும். மணி ஒவ்வொரு தடவையும் டீ டம்ளரோடு எழுந்து நிற்பார்.

"வந்துட்டாங்கப்பா! அவங்க மூஞ்சி நல்லா இருக்கான்னு எங்க ஊட்டுக் கண்ணாடில பாக்க வந்துட்டாங்க."

சார் ஓய்வு பெற்றுப் போனபின் நான் அந்த இடத்துக்கு வந்தேன். சில வருடம் கழித்து ஜின்சி வந்தாள். கூடலூர்ப் பெண். கம்பெனியில் அவளுக்கு முதல் வேலை மஞ்சூர் டிவிஷன் ஃபேக்டரியில்; அங்கிருந்து எங்கள் பிரிவுக்கு மாறி வந்தவள். சூட்டிகையானவள். எதைக் கொடுத்தாலும் "நான் பாத்துக்கறேன் மேடம்" என்பாள். பார்த்தும் கொள்வாள்.

எஸ்டேட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசு, ஸ்டோர் ரூம், மருந்து அலமாரி, எதுவானாலும் அதற்குப் பொறுப்பு ஏற்றவரின் பெயரைத் தகரத்தில் எழுதி அதன்மேல் மாட்டிவிடுவார்கள். ஆள் மாறினால் தகரமும் மாறும். பொறுப்பு ஏற்றுவிட்டுப் பெயர் போடாமல் இருப்பவரைப் பற்றி, நாளைக்கு நழுவிக்கொள்ளத்தான் என்று பேசுவார்கள். ஜின்சி மஞ்சூரில் கற்ற முதல் பாடம் அது. நேர்மையான பாடம்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

முந்தின மாலை ரிப்போர்ட் சர்வரையும் டேட்டாபேஸையும் தனித்தனி மெஷினுக்குப் பிரித்திருந்தோம். அதுவரை இரண்டும் ஒரே மெஷினில் இருந்தன. காலை மெயில்கள் 'யாருமில்லை' பெயரில் ஒழுங்காகப் போயின. ஆனால் டிவிஷன்களில் உட்கார்ந்து அவரவர் லாகினில் பார்க்கிற ரிப்போர்ட்டுகளுக்கு வேறு டேட்டா சோர்ஸ். அது பார்ப்பவரின் பெயரிலேயே போகிற வகை. யார் பார்க்கிறாரோ அவருடைய டிவிஷன் ஆட்களை மட்டும் டேட்டாபேஸ் காட்டும். மெஷின் இரண்டானதும், பார்ப்பவரின் பெயர் முதல் மெஷின்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவதற்குப் போகவில்லை. எல்லா டிவிஷனிலிருந்தும் போன். 'லாகின் தோல்வி' என்று வருகிறது என்றார்கள்.

இதற்கு நடுவில் மகள் கூப்பிட்டாள். தேவாலாவில் அப்போதுதான் பெரட்டு முடிந்திருந்தது. காலையில் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பகுதியையும் அங்கே மலை என்பார்கள், நம்பர் போட்டு.

"அம்மா, இன்னைக்கு செல்லையா அண்ணன் கூட்டத்தோட போறேன். நாலஞ்சு பேருக்கு பிரஷர் பாக்கோணும், டிஸ்பென்சரிக்கு வாங்கன்னா வரமாட்டேங்கறாங்க."

"அங்க மழையா கயலு?"

"தேவாலாவுல மழையான்னு கேக்கறே. கடல்ல தண்ணி இருக்கான்னு கேளேன்!"

"எந்த மலைக்குப் போறே?"

போன் துண்டித்துப்போயிற்று. அந்தப் பக்கம் அது எப்போதும் நடப்பதுதான். நான் திரும்பக் கூப்பிடவில்லை. குன்னூரில் அன்று வெயில் அடித்தது. தென்மேற்கு மழை தேவாலாவைக் கரைக்கும்போது குன்னூரில் துணி காயும். ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கத்து மழையை நினைக்க முடிவதில்லை.

சர்வர் அறையில் யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. நான் எலக்ட்ரீஷியனோடு அங்கே நின்றேன். பத்து நாற்பதுக்கு ஜின்சி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேடம், வந்தாச்சு! டிவிஷன்ல எல்லாம் ரிப்போர்ட் திறக்குது. தேவாலா கிளார்க்கும் வந்துடுச்சுன்னு சொல்லிட்டாரு."

"டெஸ்ட் பண்ணினியா?"

"பச்சை மேடம்."

யூபிஎஸ்ஸை முடித்துவிட்டு மணியின் மேஜைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் செய்தி வந்துவிட்டது.

தேவாலா டிவிஷனில் ஆறாம் நம்பர் மலையில் மண் சரிந்துவிட்டது. ஓடையை ஒட்டிய வண்டிப் பாதையும் போய்விட்டது. டிவிஷன் ஆபீஸில் கரண்ட் இல்லை, டவரும் விழுந்துவிட்டதால் போன் இல்லை. பெரட்டு எடுத்த தோட்ட மேற்பார்வையாளர், அங்கே கண்டக்டர் என்பார்கள், அவரும் ஆட்களோடு மலைக்குப் போய்விட்டார். எங்கள் பொது மேலாளர் தற்செயலாக அன்று கூடலூரில் இருந்தார். மீட்புக்காரர்கள் அவரிடம் கேட்டது ஒன்றுதான். ஆறாம் நம்பரில் ஆள் இருக்கிறார்களா? அதே நேரத்தில் ஆற்றோரப் பாடியில், தொழிலாளர் குடியிருப்பில், சில வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அங்கேயும் போக வேண்டும். இரண்டும் இரண்டு திசை.

காலையில் பெரட்டில் விரல் ரேகை வைக்கும் கருவியில் பதிந்தது எல்லாம் எங்கள் சர்வரில் இருந்தது. பொது மேலாளர் தன் போனிலேயே ரிப்போர்ட்டைத் திறந்தார். நாங்களும் திறந்தோம். மேலே 'தேவாலா டிவிஷன், இன்றைய மலைகள்' என்று இருந்தது. கீழே வரிசையாக, கூட்டத்தை நடத்தும் கங்காணிகளின் பெயர், மலை நம்பர், கூட்டத்து ஆட்கள். ஆறாம் நம்பரே இல்லை.

"ஆறுல ஆளில்லை" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். அறை முழுவதும் மூச்சு விட்டது. கணக்குப் பிரிவில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் கயலைத் தேடவில்லை. அவள் ஊழியர், பெரட்டில் அவள் பெயர் வராது. செல்லையாவைத் தேடினேன். செல்லையாவும் இல்லை. அப்படியானால் மழைக்காக அந்தக் கூட்டத்துக்கு வேலை கொடுக்காமல் அனுப்பியிருப்பார்கள், இவள் டிஸ்பென்சரிக்குத் திரும்பியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரோ கொடுத்த டீயைக் குடித்தேன். அந்த டீயை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. பெரட்டு முடிந்தது, செல்லையா கூட்டத்தோடு போகிறேன் என்று அவள் வாயாலேயே காலையில் சொல்லியிருந்தாள். அதைக் காதில் வைத்துக்கொண்டே, கண்ணுக்குப் பிடித்ததை நம்பினேன்.

டம்ளரைக் கீழே வைக்கும்போது திரையில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. போஜன், பதினொன்றாம் நம்பர்.

போஜனை எனக்குத் தெரியும். மஞ்சூர் கங்காணி, படுகர். அவருடைய விரல் ரேகை கருவியில் ஏறவே ஏறாது. அதற்காக ஒருமுறை நானே மஞ்சூருக்கு பஸ் ஏறிப் போயிருக்கிறேன். "கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகையெல்லாம் கொழுந்தோட போச்சுங்கம்மா, ஃபேக்டரில தேடிப் பாருங்க" என்று சிரித்த மனுஷர். தேவாலாவில் கங்காணிகள் பெரும்பாலும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். அங்கே ஒரு போஜன் இல்லை.

"ஜின்சி, டேட்டா சோர்ஸ்ல என்ன மாத்தினே?"

"பாக்கறவங்க பேரு அந்தப் பக்கம் போகலை மேடம். அதனால சேமிச்ச லாகினா மாத்திட்டேன்."

"யாரு பேர்ல?"

"என் பேர்லதான். நான்தானே பொறுப்பு?" சொல்லி முடிக்குமுன்பே அவள் முகம் மாறியது. "மேடம்... நான் இன்னும் மஞ்சூர் டிவிஷன்லதான் இருக்கேன், இல்ல?"

டேட்டாபேஸைப் பொறுத்தவரை அவள் மஞ்சூர்தான். அவளை எங்கள் பிரிவுக்கு மாற்றிய உத்தரவு, யார் எந்த டிவிஷன் என்று சொல்லும் அட்டவணைக்குள் போகவில்லை. தலைப்பு, பார்ப்பவர் ரிப்போர்ட்டின் மேலே உள்ள பெட்டியில் தேர்ந்தெடுக்கும் டிவிஷன் பெயரிலிருந்து வந்தது. ஆட்கள், ஜின்சியின் டிவிஷனிலிருந்து வந்தார்கள். அந்தக் காலை கம்பெனியில் ரிப்போர்ட் பார்த்த ஒவ்வொருவரும் ஜின்சியாக நின்று மஞ்சூரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் சொந்த உரிமையில் டேட்டாபேஸுக்குள் நேராகப் போய்த் தேவாலாவைக் கேட்டேன். செல்லையா. மலை, ஆறு.

பொது மேலாளரைக் கூப்பிட்டேன்.

"சார், ஆறுல ஆள் இருக்காங்க. செல்லையா கூட்டம்."

"என் கையில இருக்கற ரிப்போர்ட்ல இல்லையேம்மா."

"அது தப்புங்க சார். அது மஞ்சூர் ஆளுங்களைக் காட்டுது."

"மேல தேவாலான்னு இருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்தவரு கையிலயும் இதே ரிப்போர்ட்தான் இருக்கு. ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் எதைம்மா அவருகிட்டச் சொல்றது?" கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில், "உங்க பொண்ணு அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பதட்டப்படாதீங்க. பாடியில குழந்தைங்க இருக்காங்க, மொதல்ல அங்க அனுப்பறேன்" என்றார்.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பதறும் தாயின் பேச்சை வைத்துக்கொண்டு மீட்பு வண்டியைத் திருப்ப முடியுமா? அவருக்கு ரிப்போர்ட் வேண்டும். அதே ரிப்போர்ட், அதே இடத்தில், சரியாக.

டேட்டா சோர்ஸ் பக்கத்தைத் திறந்தேன். ஜின்சியின் பெயரை அழித்தேன். 'யாருமில்லை' என்று அடித்தேன். பாஸ்வேர்டு நட்சத்திரங்களாக விழுந்தது. எத்தனை அடித்தேன், சரியாக அடித்தேனா என்று தெரியவில்லை. முதல் தடவை சிவப்பு வந்தது. ஜின்சி என் தோளுக்குப் பின்னாலிருந்து, "சேச்சி, மெதுவா. மெதுவா அடிங்க" என்றாள். மேடத்தை விட்டுவிட்டு, மலையாளத்தில் அக்காவைக் கூப்பிடுவதுபோல அவள் என்னைச் சேச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்ப அடித்தேன். பச்சை.

ஆனால் 'யாருமில்லை' எல்லா டிவிஷனையும் பார்க்கும் லாகின். இப்படியே விட்டால் எல்லா ஊர் ஆட்களும் கலந்து வந்து நிற்பார்கள். ஆறாம் நம்பர் எல்லா டிவிஷனிலும் உண்டு. ஆகவே ரிப்போர்ட்டில், பெட்டியில் தேர்ந்தெடுத்த டிவிஷனை மட்டும் எடு என்று ஒரு வரி சேர்த்தேன். சேமித்தேன்.

பொது மேலாளருக்கு அனுப்பும் பட்டன்மேல் அம்பு நின்றது. அழுத்திவிடலாம். பச்சை வந்தாயிற்று. ஒவ்வொரு நிமிடமும் என் பெண்ணின் நிமிடம். ஆனால் இரண்டாவது ரிப்போர்ட்டும் தப்பாகப் போனால் மூன்றாவதை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். எழுந்து ஓடினேன். மணி ஏற்கெனவே நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். கையில் டம்ளர் இல்லை. கண்ணாடிப் பேச்சும் இல்லை. "உக்காருங்கம்மா" என்றார்.

மணியின் லாகினில் ரிப்போர்ட் திறக்க எடுத்த நேரத்தை என்னால் எழுத முடியாது. திறந்தது. தேவாலா. போஜன் இல்லை. விரலைத் திரையில் வைத்துக் கீழே இறக்கினேன். செல்லையா, ஆறு. அவருக்குக் கீழே அவருடைய கூட்டத்துப் பெண்களின் பெயர்கள். கயல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்லும் பெயர்கள்: சர்க்கரைக்கார லெட்சுமி, முட்டி வலி பார்வதி, மாத்திரையை ஒளித்து வைக்கும் மாரியாயி.

அனுப்பினேன். பொது மேலாளரே கூப்பிட்டார்.

"இப்ப வந்தது சரியாம்மா?"

"சரிங்க சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"போஜன் இல்லைங்க. செல்லையா இருக்காரு."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியாது. போனை வைக்காமலே பக்கத்தில் யாரிடமோ, "ஆறுல ஒரு கூட்டமே இருக்குது, வண்டியைத் திருப்பச் சொல்லுங்க, ஒரு வண்டி மட்டும் பாடிக்குப் போகட்டும்" என்று கத்தினார். அதோடு லைன் போயிற்று.

அலுவலக ஜீப்பில் நானும் ஜின்சியும் கிளம்பினோம். அவளை வரவேண்டாம் என்றுதான் சொன்னேன். "எங்க ஊரு அது. வழி அடைச்சிருந்தா சுத்திப் போகிற வழி எனக்குத் தெரியும்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊட்டிவரை வெயில். நடுவட்டம் இறக்கத்தில் மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டியது, கூடலூருக்கு முன்பே மழை. ஜின்சி திரும்பாமலே, "சேச்சி, என்னைத் திட்டுங்களேன்" என்றாள். திட்டுவதற்கும் கொஞ்சம் நிம்மதி வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர், அன்று ஒரு வேலையாகப் போயிருந்த மேட்டுப்பாளையத்திலிருந்து போன்மேல் போன் செய்துகொண்டிருந்தார். "என்னாச்சு, கயலு பேசினாளா?" ஒவ்வொரு தடவையும் "இன்னும் இல்லீங்க" என்றேன். பின்னொரு நாள் பழனிசாமி சாரும் கூப்பிட்டார், எப்படியோ கேள்விப்பட்டு. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற மெஷின்ல பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றதும் "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

தேவாலா ஃபேக்டரிக்குப் போய்ச் சேரும்போது மாலை. கொழுந்து வாட்டும் கூடத்தில் பாடிக் குடும்பங்களை உட்காரவைத்திருந்தார்கள். கொழுந்து பரப்பும் வலைகளின்மேல் குழந்தைகள் தூங்கின. ஆறாம் நம்பரிலிருந்து டிராக்டரில் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் டிராக்டர் வந்தது. சேறு பூசிய பெண்கள், தலையில் சாக்கு. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கயல் இல்லை. ஒரு கிழவரைத் தாங்கி இறக்கினார்கள், காலில் துணிக் கட்டு. பதமாக, அழகாக ஒரு கட்டு. அந்தக் கட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது யார் கை என்று எனக்குத் தெரியும்.

"நீங்க செல்லையாவா?"

"ஓம். நீங்க மிஸ்ஸியம்மாவோட அம்மாவா?" நர்ஸை அவர்கள் மிஸ்ஸி என்பார்கள். "ஒங்க மகள் பொல்லாத புள்ளைங்க. எல்லாரும் ஏறின பொறகுதான் ஏறுவேன்னு நிக்குது. நாங்க நிறுவைக் கொட்டகையிலதான் ஒதுங்கி நின்னோம். ரெண்டு பக்கமும் மண்ணு. இவங்க வந்து கயிறு கட்டி எங்களை இறக்கி, கொஞ்ச நேரம்கூட இல்ல. மேல இருந்து இன்னொரு சரிவு. கொட்டகை போயிடுச்சுங்க. தராசோட போயிடுச்சு."

"அவ எங்கே?"

"பின்னால வண்டியில. வருவா, வருவா."

அடுத்த டிராக்டரின் வெளிச்சம் வளைவில் தெரிய எவ்வளவு நேரமாயிற்றோ. ஜின்சி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது. வண்டி நின்றது. எல்லோரும் இறங்கியபின், பின்பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி மருந்துப் பையை முதலில் கீழே எறிந்துவிட்டுக் குதித்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. பற்கள் தந்தியடிக்க என் முன்னால் வந்து நின்று, நான் அங்கே இருப்பதில் ஆச்சரியமே படாமல், காலையில் விட்ட இடத்திலிருந்து பேசுகிறவள் போலக் கேட்டாள்:

"அம்மா, எந்த மலைன்னு உன்கிட்டச் சொல்றதுக்குள்ள லைன் போயிருச்சு. நாங்க ஆறுல இருக்கோம்னு இவங்களுக்கு யாரும்மா சொன்னது?"